முதியோர் இல்லத்தில் இரவுக் காவல்



வடசென்னையில் திருவொற்றியூருக்கு வடக்கே, எண்ணூர் செல்லும் வழியில் விம்கோ நகர் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்தொடர் வண்டியில் போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பீர்கள். 2021 முதல் மெட்ரோ இரயிலும் அங்கே செல்கிறது. விம்கோ என்பது பழைய ஊர்ப்பெயர் அன்று. 1923-இல் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம் அது. தீக்குச்சியைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? முற்காலத்துக் குச்சி எந்தச் சுவரில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். சட்டைப் பையிலேயே பற்றி எரிந்ததும் உண்டு. பின்னர் வந்த அறிஞர்கள் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் பூசினார்கள். அதன் பிறகு குச்சி பெட்டியில் உரசினால்தான் எரியும் என்றாயிற்று. குச்சியைப் பூட்டி வைத்து அவர்கள் அபாயத்தைத் தவிர்க்கவில்லை. அமைப்பை மாற்றித் தவிர்த்தார்கள். இதை ஏன் கூறுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

அந்த விம்கோ நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் என் அத்தை வாழ்கிறார். வயது எண்பதைக் கடந்தவர், பிள்ளைகள் இல்லை. 2022-இல் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அன்று மேலாளர் என்னை அழைத்துச் சென்று எல்லாவற்றையும் காட்டினார். அறைகள் தூய்மையாக இருந்தன. சோறு சூடாக இருந்தது. முடிவில் அவர், "இரவு ஒன்பது மணிக்கு வாயிலை வெளிப்புறம் பூட்டிவிடுவோம், ஐயா. யாரும் வெளியே போய்விட முடியாது" என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. நினைவு தடுமாறும் முதியவர்கள் இரவில் எழுந்து, தம் பழைய வீட்டைத் தேடிப் புறப்படுவது உண்டு. அந்தப் பகுதியிலோ ஒரு பக்கம் இருப்புப்பாதை; மறுபக்கம் துறைமுகத்திற்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் விடியவிடிய ஓடும் சாலை. பூட்டு இருக்கிறது என்று கேட்டதும் என் மனம் நிம்மதி அடைந்தது. அந்த நிம்மதி எவ்வளவு பெரிய பிழை என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆழிப்பேரலை வந்ததும் 2004-இல் இதே டிசம்பர் 26-ஆம் நாள் அல்லவா? அதை மறவாத கடற்கரை மக்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தபோது நான் இராயபுரத்தில் என் வீட்டில் இருந்தேன். இல்லத்தை அழைத்தேன், மறுமொழி இல்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்துச் சென்று சேர்ந்தபோது மணி இரண்டு இருக்கும். வாயிலில் பூட்டுத் தொங்கியது. தட்டினேன். உள்ளேயிருந்து ஆயா, "சாவி மேலாளரிடம் இருக்கிறது, ஐயா. அவர் தேரடியில் இருக்கிறார்" என்றாள். இருபத்து மூன்று முதியவர்கள், அவர்களுள் தாமே எழுந்து நடக்க இயலாதவர் ஒன்பது பேர், துணைக்கு ஒரே ஓர் ஆயா; இத்தனை பேரும் உள்ளே. சாவி இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். சன்னல் கம்பிக்குப் பின்னால் அத்தையின் முகம் தெரிந்தது. "ஏனப்பா இந்த நேரத்தில் அலைகிறாய்? சாப்பிட்டாயா?" என்று கேட்டார். நல்லவேளையாக அந்த இல்லத்திற்கு அன்று தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் காற்று திசை மாறியிருந்தால்? நான் கொண்டாடிய பூட்டின் முன்னால் நானே கையறு நிலையில் நின்றேன்.

அப்போது என் நினைவுக்கு வந்தது ஏர்வாடி. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், மனநலம் குன்றியோரை வைத்திருந்த ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். தீ தோன்றினால் ஓடித் தப்பலாம். அவர்களால் ஓட முடியவில்லை. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அச்சங்கிலியைப் பூட்டியவர்களும் ஓடிப்போகாமல் காப்பதற்காகவே அதைப் பூட்டினோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். உச்ச நீதிமன்றம் இச்செய்தியைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. முதியோர் இல்லத்துப் பூட்டும் ஏர்வாடிச் சங்கிலியும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். எனினும் நள்ளிரவில் தீ வந்து நிற்கும்போது இரண்டிற்கும் என்ன வேறுபாடு?

வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் கேளுங்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் லீல் வெர்ட் என்பது ஒரு சிற்றூர். 2014 ஜனவரி 23 அன்று, கடுங்குளிர் இரவில், அங்கிருந்த முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் உயிரிழந்தனர். கட்டடத்தின் புதிய பகுதியில், வெப்பம் ஏறியதும் தானே நீர் தெளிக்கும் கருவிகள் இருந்தன. பழைய பகுதியில் இல்லை. இடையிலிருந்த தீத்தடுப்புச் சுவர் புதிய பகுதியைக் காத்தது. ஒரே இல்லத்தில் ஒரு சுவருக்கு இப்பால் வாழ்வு, அப்பால் சாவு. செல்வ நாட்டிலும் இப்படி நேர்ந்தது.

விம்கோ நகருக்குத் திரும்புவோம். மறுநாள் நான் மேலாளரிடம் சற்றுக் கடுமையாகவே பேசினேன், பிறகு வெட்கப்பட்டேன். பூட்டை மெச்சியவன் நான்தானே! அவர் கெட்டவர் அல்லர். கூடி உட்கார்ந்து யோசித்தோம். வெளிப்பூட்டு போயிற்று, உட்புறம் ஒரு தாழ்ப்பாள் வந்தது. கதவைத் திறந்தால் ஆயாவின் அறையில் மணி ஒலிக்கும். இரவில் ஒருவர் போதாது என்று இருவரானார்கள். அவர்களுள் ஒருவர் விழித்திருப்பார். நடக்க இயலாத ஒன்பது பேரும் மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு, வாயிலுக்கு அருகில் உள்ள அறைகளுக்கு வந்தார்கள். கட்டிலில் கிடப்பவரைத் தடித்த போர்வையோடு தரையில் இறக்கி, அப்போர்வையையே பிடித்து இழுத்துச் செல்ல ஆயாக்கள் பழகிக்கொண்டார்கள். முதல் ஒத்திகையில் அத்தைக்கு ஒரே சிரிப்பு.

அம்மோனியாவுக்கு வேறு முறை வேண்டும். வேதியியல் படிப்பவர்கள் அறிவீர்கள், அது நீரில் மிக எளிதாகக் கரையும். ஆகவே நனைந்த துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டால் ஓரளவு காப்பு உண்டு. காற்றைவிட இலேசான வாயுதான். ஆயினும் ஈரக்காற்றில் பனிமூட்டம்போல் தரையையொட்டித் தங்குவதும் உண்டு. அதனால் நடக்க முடியாதவர்களை அவசரப்பட்டு வெளியே இழுப்பதைவிடக் கதவு சன்னல்களை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்துக் காத்திருப்பதே பல வேளைகளில் நல்லது. தீ என்றால் வெளியே. நச்சுக்காற்று என்றால் பெரும்பாலும் உள்ளே. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார்கள்.

தீயும் வாயுவும் என்றோ வருவன. நாள்தோறும் வருவது வழுக்கல். விழுந்து இறப்போர் உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் அறுபது வயதைக் கடந்தவர்களே மிகுதி. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே அணையாத ஒரு சிறு விளக்கு, இவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

2011 கணக்கெடுப்பின்படியே நம் நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வறிய முதியோருக்கு மாவட்டந்தோறும் ஓர் இல்லமாவது அமைப்பதைப் பற்றிப் பேசுகிறது. முதியவர் எவரேனும் துன்புறுத்தப்படுவதாகத் தெரிந்தால் 14567 என்ற எண்ணை அழைக்கலாம். மாணவர்களாகிய நீங்களும் அழைக்கலாம். உங்கள் தெருவில் ஓர் இல்லம் இருந்தால் ஒரு மாலை உள்ளே போய் வாருங்கள். பாட்டுப் பாடுங்கள், பழம் கொடுங்கள், வரும்போது, "இரவில் சாவி யாரிடம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டு வாருங்கள்.

சென்ற மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். ஓர் இரவு அவர் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு தாழ்வாரத்தில் போய் நின்றாராம், மணி ஒலித்ததாம். "ஆயா கோபித்துக்கொண்டாளா, அத்தை?" என்று கேட்டேன். "இல்லையே! ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இருவரும் கடற்காற்று வாங்கிக்கொண்டிருந்தோம்" என்றார்.