கடல் கடந்து வரும் உதவி
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பங்கு இளைஞர் சிலர், அங்கே ஒரு சங்கம் அமைத்து இங்குள்ள ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஆசைப்படுகிறார்கள். அதுபற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆசை நல்லது, வழியைத்தான் சற்று யோசிக்க வேண்டும்.

1960-ல் எட்மண்ட் கைசர் என்பவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், அல்ஜீரியப் போரில் அவதிப்பட்ட குழந்தைகளை எண்ணி 'டெர் தே சோம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 'மனிதரின் பூமி' என்று பொருள். பாரிஸில் பிறந்த அம்மனிதர் 2000-ல் நம் கோயம்புத்தூரில்தான் கண்மூடினார். அவ்வியக்கத்தின் பெயரைத் தாங்கிய அறக்கட்டளை ஒன்று நம் திருவண்ணாமலையிலும் பிள்ளைகளுக்காகப் பாடுபட்டிருக்கிறது. ஆகவே கடல் கடந்த உதவி நமக்குப் புதிதல்ல. (மிட்டாய் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர்களும் உண்டு, அதை விடுங்கள்.)

முதலில், பணம் வரும் வாசல். இந்தியக் குடியுரிமையோடு குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால், சட்டம் அதை வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்வதில்லை. அதே மகன் கனடா குடியுரிமை வாங்கிவிட்டாலோ, அங்கே பதிவான சங்கத்தின் பெயரால் அனுப்பினாலோ, அது வெளிநாட்டு நன்கொடைதான்! அதைப் பெற இங்குள்ள அமைப்பு 2010-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவு பெற வேண்டும். அதற்கு மூன்றாண்டு வயதும், அந்த ஆண்டுகளில் 15 லட்ச ரூபாய் தொண்டுக்குச் செலவிட்ட கணக்கும் கேட்கிறார்கள். 2020-ம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பணம் முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கியில்தான் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. "யார் கணக்கிலாவது போட்டுவிடுகிறோம், பிரித்துக் கொடுங்கள்" என்பதெல்லாம் நடவாது.

ஆகையால் என் எண்ணம் இது: சங்கம் முதலில் அங்கே அல்ல, இங்கே பிறக்கட்டும், சேமிப்புப் பணத்தில் சிறிதாய் நடக்கட்டும்.

எதற்குச் செலவிடுவது? கட்டடம் வேண்டாம். அரசுப் பள்ளியில் கட்டணமில்லை; புத்தகம் உண்டு, மதிய உணவு உண்டு; 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. இருந்தும் ஜவ்வாது மலையில் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார்கள், பிள்ளையும் உடன் போகிறது. 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் நம் மாவட்டத்தவர். அவர்கள் வீட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

பெற்றோர் ஊரில் இல்லாத மாதங்களில் அப்பிள்ளைகளுக்கு வேண்டியது பாட்டி வீட்டில் அரிசி, மாலையில் பாடம் சொல்ல ஓர் அக்கா, பிளஸ் டூ முடித்தவருக்குக் கல்லூரி முதலாண்டுப் பணம். ஓர் ஆண்டு கொடுத்து மறு ஆண்டு கைவிடுவதானால் தொடங்கவே வேண்டாம்.

ஜமுனாமரத்தூருக்கு மாதம் ஒரு முறையேனும் பேருந்தேறிப் போய்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஐந்து பேர் கிடைத்தால் போதும். பெயர்களைப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்; வெளிநாட்டிலுள்ள தம்பிகளுக்கு அதன் பிறகு கடிதம் எழுதுவோம்.