கொல்லை வாசல் எங்கே? பாரம்பரிய விடுதிகளும் நம் வரலாறும்

(வெண்மணி ஈகியர் நினைவாகத் தாராசுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெண்மணி ஈகியரை நினைத்துக் கூடும் கூட்டங்களில் கூலியைப் பற்றிப் பேசுவோம், நிலத்தைப் பற்றிப் பேசுவோம். நான் ஓட்டலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு தோழர் தொலைபேசியில் அழைத்து, “சுற்றுலாத் துறையில் வேலை கிடைத்துவிட்டதா தோழர்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், நானும் கூலிக்கும் நிலத்துக்கும்தான் வந்து சேருவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருந்தேன். நடத்தியவர்கள் எங்களைப் பழைய மிராசுதார் வீடு ஒன்றில் தங்கவைத்தார்கள். இப்போது அது பாரம்பரிய விடுதி. ஊர்ப் பெயரும் விடுதியின் பெயரும் இங்கே தேவையில்லை. கார் வாசல் திண்ணை வரை போனது. சந்தனம் வைத்தார்கள், செம்பில் பானகம் கொடுத்தார்கள். ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் போய் முற்றத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இது என் அப்பாயி வேலை செய்த வீடு.

உடனே அடையாளம் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டை நான் முன்பக்கமிருந்து பார்த்ததே இல்லை. ஐந்தாறு வயதில் அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை போயிருக்கிறேன். வாய்க்கால் கரையோடு சுற்றி, மூங்கில் புதரைத் தாண்டி, கொல்லைப் படல் வழியாக. அங்கே மாட்டுக்கொட்டகை இருந்தது, அதற்கு அப்பால் களம். அப்பாயி குரல் கொடுத்துவிட்டுக் கொட்டகை ஓரத்தில் நிற்பாள். உள்ளேயிருந்து யாராவது வரும்வரை நிற்பாள். எங்களுக்கு அந்த வீடு என்றால் கொல்லையின் கடைசி முப்பது அடிதான்.

பையை அறையில் போட்டுவிட்டு நேரே பின்பக்கம் போனேன். கொட்டகை இருந்த இடத்தில் எண்ணெய்த் தேய்ப்பு மசாஜ் அறைகள். களத்தில் நீச்சல் குளம். கொல்லைப் படலைக் காணோம். அந்த இடத்தில் உயரமான சுவர், அதன்மேல் காகிதப்பூக் கொடி. நன்றாகத்தான் பராமரிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. எனக்குக் கொடுத்த அறையின் பெயர் ‘பத்தாயம்’. நெல் கொட்டிவைத்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏசி குளிர் ஒரு காரணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் வீட்டின் வரலாறு பெரிய பலகையில் இருந்தது. எந்த ஆண்டு கட்டியது, தேக்கு எங்கிருந்து வந்தது, சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் சேர்த்து எப்படி அரைத்தார்கள், எந்தப் பெரிய மனிதர்கள் வந்து தங்கினார்கள், எல்லாம் இருந்தது. எந்த வருமானத்தில் கட்டினார்கள் என்பதற்கு ஒரு வரி: “வளமான காவிரிப் பாசன நிலங்கள்”. நிலம் தானே உழுது, தானே நட்டு, தானே அறுத்துக்கொண்டு களத்துக்கு நடந்து வந்தது போலிருக்கிறது.

அதே மேசையில் ஒரு பித்தளைப் பூண் போட்ட மரக்கால். அதில் தாமரை மொட்டுகளைச் செருகி வைத்திருந்தார்கள். அப்பாயி சொல்வாள், பண்ணையில் இரண்டு மரக்கால் இருந்தது, குத்தகை நெல்லை வாங்க ஒன்று, கூலி அளக்க ஒன்று என்று. கூலி மரக்கால் சின்னது என்பதைத் தஞ்சை மாவட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள். நான் மேலாளரிடம், “சார், இது எந்த மரக்கால்?” என்று கேட்டேன். “ஆன்டிக் மேடம், ஒரிஜினல் பீஸ்” என்றார்.

இது ஒரு விடுதியின் கதை மட்டும் இல்லை. 2004இல் இந்தத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெரிய கோயில் 1987லேயே சேர்ந்திருந்தது. கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் ‘பழைய வாழ்க்கை’யையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பக்கத்தில் சுவாமிமலையை ஒட்டிய திம்மக்குடியில் 1896ஆம் ஆண்டு வீடு ஒன்றை மையமாக வைத்து ஒரு விடுதி நடக்கிறது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனம் விடுதியாக்கியது. செட்டிநாட்டுக்குப் போனால் வீதிக்கு வீதி இருக்கிறது. இடியவிருந்த எத்தனையோ வீடுகளை இந்த முயற்சிகள் நிறுத்திவைத்திருக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் எதைப் பாரம்பரியம் என்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதி என்று தரச்சான்று கொடுக்கச் சில விதிகளை வைத்திருக்கிறது. கட்டடம் 1950க்கு முன்பு கட்டியதாக இருக்க வேண்டும். அதன் தோற்றமும் சூழலும் அந்த வட்டாரத்தின் மரபான வாழ்க்கை முறைக்குப் பொருந்தி இருக்க வேண்டும்.

1950 என்றதும் இந்த அரங்கில் இருக்கிறவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு ஜனவரி 26. தீண்டாமையை ஒழித்த 17ஆவது பிரிவும் அதோடுதான் வந்தது. விதியை எழுதியவர் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார், வசதியான ஒரு வருடத்தைப் போட்டிருப்பார். ஆனாலும் நடைமுறையில் அதன் பொருள், தீண்டாமை சட்டப்படி குற்றமாகும் முன்பு கட்டிய வீடுதான் பாரம்பரிய வீடு. தஞ்சையில் ‘அந்த வட்டாரத்தின் மரபான வாழ்க்கை முறை’ என்றால் என்ன? பண்ணையாள் முறை. சாணிப்பாலும் சவுக்கடியும். பண்ணையாளை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்ததே 1952இல்தான்.

சரி, நம் வீடுகளில் ஏதாவது ஒன்று இந்தச் சான்றிதழுக்குத் தகுதி பெறுமா? கீற்றுக் கூரையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மண்சுவர் ஒரு வெள்ளத்தில் கரையும். காசு இருந்தாலும் ஓடு போடவோ செங்கல் வைக்கவோ பல ஊர்களில் விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது. 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருந்த மண் சொந்தமானது. அதுவரை எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துப் போடலாம். பிரித்தும் போட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிந்தது அப்படியொரு குடிசைக்குள்தான். சுவரின் வயதை வைத்துப் பாரம்பரியத்தை அளந்தால், சுவர் வைக்க விடாதவர்களுக்குக் கணக்கில் இடமே இருக்காது.

சமூகவியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் வைத்து 1965இல் நூலாக வெளியிட்டார். சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி இன்றும் நீங்கள் படிக்கிற நூல் அது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் சேரியோடு தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நேர்மையான அறிஞர். அவருக்கே தங்கிய வீடு பார்வையை மறைத்தது என்றால், இரண்டு இரவு தங்கிப் போகும் பயணிக்கு என்ன தெரியும்? அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்குக் காட்டுவதை வைத்துத்தான் அவர் பார்க்கிறார். காலையில் அவரை மாட்டுவண்டியில் ஏற்றுகிறார்கள். பக்கத்து வயலில் இறங்கிப் பத்து நாற்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்.

அமெரிக்காவில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடக்கிறது. லூசியானா மாநிலத்தில் நாட்டோவே என்ற கரும்புத் தோட்ட மாளிகை 1859இல் கட்டியது. 1860இல் அந்தத் தோட்டத்தில் 155 பேர் அடிமைகளாக இருந்தார்கள். பிற்காலத்தில் அது திருமணங்கள் நடக்கும் சொகுசு விடுதியானது. இப்படிப்பட்ட தோட்ட மாளிகைகளைக் கல்யாண மண்டபமாக விளம்பரம் செய்வதைக் கறுப்பின உரிமை அமைப்பு ஒன்று எதிர்த்தது. 2019இல் பின்ட்ரெஸ்ட் முதலான நிறுவனங்கள் இறங்கி வந்தன. 2022இல் மிசிசிப்பியில் அடிமைக் குடில் ஒன்றை வாடகை அறையாகப் போட்டிருந்ததை ஒரு கறுப்பின வழக்கறிஞர் காணொளியில் அம்பலப்படுத்தினார். ஏர்பிஎன்பி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. அதே லூசியானாவில் விட்னி என்ற இன்னொரு தோட்டத்தை 2014இல் அடிமைகளின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

நாட்டோவே மாளிகை 2025 மே மாதம் தீப்பிடித்து எரிந்துபோனது. எரிவதைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் என் மனம் ஒப்பவில்லை. நெருப்பு என்ன செய்யும் என்பதை நாம் வேறு விதமாகக் கற்றவர்கள். அந்த மாளிகை எரிந்தபோது அடிமைகளின் உழைப்புக்கு இருந்த சாட்சியும் சேர்ந்துதான் எரிந்தது. நம் மிராசுதார் வீடுகளும் அப்படித்தான். மண் மிதித்தது, செங்கல் சுமந்தது, சுண்ணாம்பு அரைத்தது, பத்தாயத்தை நிரப்பியது எல்லாம் நம் ஆட்கள். அந்த வீடு நிற்கட்டும். கொல்லை வாசலோடு நிற்கட்டும் என்கிறேன்.

நம் கோயிலையே பாருங்கள். தாராசுரத்தில் 63 நாயன்மார் கதைகளைச் சின்னச் சின்னச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். திருநாளைப்போவாரும் அந்த வரிசையில் உண்டு. அவரை நெருப்பில் இறக்கித்தான் உள்ளே சேர்த்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பி கூட அவருக்குக் கல்லில் ஓர் இடம் ஒதுக்கினான். விடுதிப் பலகையில் நமக்கு அந்த அளவு இடம்கூட இல்லை.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய ஓர் அம்மா வந்தார். “குட்மார்னிங் மேடம்” என்றார். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துவிட்டு, “நீ கீழத்தெரு பொண்ணுல்ல?” என்று கேட்டார். எங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்கள் அங்கே வேலை செய்கிறார்கள். சம்பளம் வங்கியில் விழுகிறது, வைகிறவர் யாரும் இல்லை, நிழலில் வேலை. அந்த அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அதைக் கேட்காதது போல நான் இங்கே பேசிவிட்டுப் போக முடியாது. விடுதியை மூடச் சொன்னால் முதலில் வேலை இழப்பது அவர்கள்தான். போகும்போது குரலைத் தாழ்த்தி, “உங்க அப்பாயி நிக்கிற எடம் இப்ப அந்தத் தண்ணித் தொட்டி” என்றார். அவருக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

கிளம்பும்போது மேலாளரிடம் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். இந்தப் பண்ணையில் வேலை செய்த குடும்பங்கள் இன்ன தெருவைச் சேர்ந்தவர்கள், கூலி நெல்லாக அளந்தது, அவர்கள் கொல்லை வழியாக வந்து போனார்கள். பலகையில் இதையும் சேருங்கள் என்றேன். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்று முறை நினைவூட்டிவிட்டேன், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல மனிதர்தான், போன் எடுக்கிறார்.

அதனால் நாமே தொடங்கிவிட்டோம். சென்ற ஆண்டு முதல் நானும் மூன்று மாணவர்களும் தெருத் தெருவாகப் போய் ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். எந்தப் பண்ணையில் யார் வேலை செய்தார்கள், எந்த வழியாகப் போனார்கள், எங்கே நிற்க வேண்டும், கூலி எத்தனை மரக்கால், எந்த மரக்கால். சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, போன மழைக்காலத்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். பண்ணைக் கணக்கு நோட்டுகள் யார் வீட்டிலாவது பரணில் கிடந்தால் நகல் எடுக்க அனுமதி கேட்கிறோம். ஒரு வீட்டில் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

நோட்டை அந்தப் புத்தக மேசையில் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்கள் ஊர், தெரு, நீங்கள் கேள்விப்பட்ட பண்ணையின் பெயர் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.