விலகி வருவதற்கு ஆகும் செலவு: பலெர்மோவை முன்வைத்து



2024 பிப்ரவரியில் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து ஒரு கொடூரச் செய்தி வந்தது. பலெர்மோ நகரை அடுத்த அல்தாவில்லா மிலிச்சியா என்ற சிற்றூரில், வீட்டில் பேய் புகுந்துவிட்டது என்று நம்பிய ஒருவர் தம் மனைவியையும் இரண்டு மகன்களையும் கொன்றதாகக் கைதானார். ஜெபத்துக்குத் துணை வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தம்பதியரும் கைதாயினர். இப்படி ஒன்று நடந்தால் எந்த நாட்டிலும் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, மனத்தை வசப்படுத்தும் குழுக்களைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்பது. மற்றொன்று, இது ஒரு மனநோயாளியின் செயல், இதற்கும் சமயத்துக்கும் சம்பந்தமில்லை என்பது. இந்த இரண்டுக்கும் நடுவே, கேட்கப்படாமலே போகும் கூட்டம் ஒன்று உண்டு. கெடுபிடியான சபைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்து, ஒருநாள் வெளியே வந்து, கொலையும் கைதும் இல்லாமல் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள். அவர்கள் சொல்வதை எதற்காகக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதே இன்றைய பொருள். அவர்களிடமிருந்து நாம் பெறக்கூடிய மிக உறுதியான சான்று, வெளியே வர என்ன செலவாயிற்று என்ற கணக்குதான். சட்டமும் சமூகமும் கைவைக்கக்கூடிய இடமும் அந்தக் கணக்குதான் என்பது என் வாதம்.

தனிச் சட்டம் கேட்பவர்கள் இத்தாலியின் பழைய அனுபவத்தை மறந்துவிடுகிறார்கள். முசோலினி காலத்தில், 1935 ஏப்ரல் 9ஆம் நாள், உள்துறைத் துணை அமைச்சர் புஃபாரினி குயிதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். பெந்தெகொஸ்தே வழிபாடு இனத்தின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் கேடு என்று காரணம் காட்டி நாடெங்கும் அதைத் தடை செய்தார். அமெரிக்காவில் கூலிவேலைக்குப் போய்த் திரும்பிய ஏழைகள் கொண்டுவந்த வழிபாடு அது. சிசிலியின் ஊர்களில் நன்றாக வேர்பிடித்திருந்தது. பாசிசம் வீழ்ந்து, 1948இல் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து, அதன் 8ஆம் உறுப்பு எல்லாச் சமயங்களும் சட்டத்தின் முன் சமமான சுதந்திரம் உடையவை என்று சொன்ன பிறகும், அந்தச் சுற்றறிக்கை 1955 வரை உயிரோடு இருந்தது. மனநலத்துக்குக் கேடு என்ற அளவுகோல் அரசின் கையில் கிடைத்தால் முதலில் யார்மேல் விழும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அதே காலத்து 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 603ஆம் பிரிவு, ஒருவரை முழுவதும் தமக்கு ஆட்படுத்தி வைத்துக்கொள்வதைக் குற்றமாக்கி, 5 முதல் 15 ஆண்டு வரை சிறை விதித்தது. அந்தப் பிரிவில் 1968இல் ஒன்பது ஆண்டு தண்டனை பெற்றவர் ஆல்தோ பிராய்பாந்தி. எழுத்தாளர், எறும்புகளை ஆராய்ந்தவர், பாசிசத்தை எதிர்த்துப் போராடியவர். தம்மோடு வாழ்ந்த இளைஞரை மயக்கினார் என்பது குற்றச்சாட்டு. மயங்கியதாகச் சொல்லப்பட்ட இளைஞரோ குடும்பத்தாரால் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு மின்அதிர்ச்சி பெற்றார். யார் யாரை ஆட்படுத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 1970களின் இறுதியில் ரோம் நகரில் ஒரு கத்தோலிக்கக் குருவின்மேல், தம் பிள்ளைகளை வசப்படுத்திவிட்டார் என்று பெற்றோர் இதே பிரிவில் புகார் கொடுத்தனர். அந்த வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 1981 ஜூன் மாதம் 96ஆம் எண் தீர்ப்பில் 603ஆம் பிரிவே செல்லாது என்று ஆயிற்று. குருவுக்கும் விசுவாசிக்கும், ஆசிரியருக்கும் மாணவருக்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும், காதலர் இருவருக்கும் இடையில் ஒருவர் மனம் மற்றவர் மனத்தை வளைப்பது இயல்பாக நடப்பதே. எந்த இடத்தில் அது அடிமைத்தனமாகிறது என்று அளக்கக் கருவி இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. பிரான்ஸ் 2001இலும் மறுபடி 2024இலும் வேறு வழியில் போய்ச் சட்டம் இயற்றியது. ஆனால் அளக்க முடியாததைத் தண்டிக்க முடியாது என்ற 1981இன் அடிப்படை எனக்கு இன்னும் அசைக்க முடியாததாகவே படுகிறது.

மனத்தை அளக்க முடியாதென்றால் எதை அளக்கலாம்? விலகுவதன் செலவை அளக்கலாம். யெகோவாவின் சாட்சிகளின் ஆளும் குழுவில் உறுப்பினராக இருந்த ரேமண்ட் ஃபிரான்ஸ் 1980இல் அக்குழுவிலிருந்து விலகினார். 1981இல் சபைநீக்கம் செய்யப்பட்டார். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் கோட்பாட்டு விவாதங்கள் நிறைந்தது. ஆனால் அவரை வெளியேற்றக் காட்டப்பட்ட காரணத்தில் கோட்பாடு ஏதும் இல்லை. சபையை விட்டு விலகிய ஒருவரோடு உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதுதான் அது. அந்த ஒருவர், ஃபிரான்சுக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவர். தாமாக விலகுவோரையும் சபைநீக்கம் ஆனவரைப் போலவே நடத்த வேண்டும் என்ற விதி அதே 1981இல்தான் வந்திருந்தது. இதன் வணிக முகத்தைக் கனடாவில் பார்க்கலாம். கால்கரி நகரில் வீட்டுத் தரகராக இருந்த ஒரு சாட்சியின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் சபையினரே. மூப்பர்கள் அவரை நீக்கியதும் தொழில் படுத்துவிட்டது. 2018 மே மாதம் கனடா உச்ச நீதிமன்றம் இதில் தலையிட எங்களுக்கு அதிகாரமில்லை என்று ஒருமனதாகக் கைவிரித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வழக்குக் கட்டு நமக்குக் காட்டுவது, நம்பிக்கையின் கூடவே வாடிக்கை, விருந்து, உறவு என்று எத்தனை சரடுகள் பின்னிக் கிடக்கின்றன என்பதை.

தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வேற்று நாடு வரை போக வேண்டியதில்லை. 1920களில் கொழும்பில், கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து இலங்கைக்கு வந்த பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், பிறகு பெந்தெகொஸ்தே மிஷன் என்று பெயர் மாறி, சென்னை தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு உலகெங்கும் பரவியது. அதன் முழுநேர ஊழியர்கள் மணம் முடிப்பதில்லை. சொத்தைத் துறந்து, சம்பளமில்லாமல், விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். மருந்தை நாடாமல் தெய்வீக சுகத்தையே நம்புகிறார்கள். இந்த வாழ்வை விரும்பி ஏற்றவர்களின் தியாகத்தைக் கேலி செய்ய யாருக்கும் உரிமையில்லை. நம் மரபில் துறவுக்கு எத்தனையோ வடிவங்கள் உண்டு. ஆனால் இருபது வயதில் நுழைந்து ஐம்பது வயதில் மனம் மாறும் ஓர் ஊழியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வருங்கால வைப்பு நிதி இல்லை, வாடகை முன்பணம் இல்லை, வேலை அனுபவச் சான்றிதழ் இல்லை. அண்ணன் தம்பியும் அதே சபை என்றால், போக வீடும் இல்லை. விசுவாசம் போய்விட்டதா இருக்கிறதா என்பதை அவர் ஆற அமர யோசிக்க முடியாது. இரவு எங்கே படுப்பது என்ற கேள்வி முந்திக்கொள்ளும். ‘பின்மாற்றக்காரர்’ என்று அவரைச் சுட்டும் சபை மொழி இந்தப் பக்கத்தைச் சொல்வதேயில்லை.

இனிப் பலெர்மோவுக்கு வருவோம். 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் அங்கே குடியேறினார்கள். இத்தாலியின் பெரிய தமிழ்க் குடியிருப்புகளில் அது ஒன்று. பெரும்பாலோருக்கு வீட்டுவேலையும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும்தான் பிழைப்பு. அதில் பலருக்கு வேலை செய்யும் வீடே தங்கும் வீடு. 2002ஆம் ஆண்டின் போசி-ஃபினி சட்டம் வதிவிட அனுமதியை வேலை ஒப்பந்தத்தோடு முடிச்சுப் போட்டது. வேலை போனால் ஆறு மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும் என்றிருந்ததை 2012இல் ஓராண்டாக்கினார்கள். வேலையோ விளம்பரம் பார்த்துக் கிடைப்பதில்லை. தெரிந்தவர் சொல்லிக் கிடைப்பது. அந்தத் தெரிந்தவர் ஊர்க்காரராகவோ உறவினராகவோ இருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பாடுபவராகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட வாழ்வில் இறுக்கமான ஒரு சபை கூடினால், அது எந்தச் சபையாக இருந்தாலும், வெளியேறும் செலவைத் தனியாக ஏற்றவே வேண்டாம். குடிவரவுச் சட்டமே ஏற்றி வைத்திருக்கிறது. விலகுபவர் ஒரே மூச்சில் வேலை, படுக்கை, அனுமதிச்சீட்டு மூன்றையும் பணயம் வைக்கிறார். 2015இல் பலெர்மோ மேயர் லெயோலூகா ஓர்லாந்தோ வெளியிட்ட பலெர்மோ சாசனம் வதிவிட அனுமதி என்ற ஏற்பாட்டையே ஒழிக்கச் சொன்னது. அதைக் கனவு என்று பலர் ஒதுக்கினார்கள். சமயச் சுதந்திரத்தைப் பற்றி அதில் சொன்னதாக யாரும் படிக்கவில்லை. என் பார்வையில் அது சமயச் சுதந்திரத்தைப் பற்றிய ஆவணமும்கூட.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. விலகியவர் கோபத்தில் பேசுபவர், அவர் சாட்சியத்தை நம்பலாகாது என்று சமயச் சமூகவியலாளர் பிரையன் வில்சன் போன்றோர் எச்சரித்தார்கள். டேவிட் பிராம்லி விலகுவோரை வகைப்படுத்தி, பகைமையோடு பேசுபவர் ஒரு வகையினர் மட்டுமே என்று காட்டினார். இத்தாலிய ஆய்வாளர் மாசிமோ இன்ட்ரொவீன்யே பிரான்சில் ஒரு குழுவின் முன்னாள் உறுப்பினர்களை ஆராய்ந்தபோதும், பெரும்பாலோர் ஆர்ப்பாட்டமின்றி விலகியவர்களே என்று கண்டார். இதை நான் ஏற்கிறேன். என் வாதத்துக்கு இது துணையாகவே வருகிறது. தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசும் நான்கு பேரை வைத்து ஒரு சபையை எடைபோடக் கூடாது. போதகர் உள்ளத்தில் வஞ்சம் இருந்ததா என்று விலகியவர் சொன்னால் அது அவர் கருத்து. ஆனால் எந்த மாதம் வீட்டை விட்டு இறங்கினார், யார் யார் பேச்சை நிறுத்தினார்கள், திருமணத்துக்கு அழைப்பு வந்ததா, சேர்த்த பணம் திரும்பியதா என்பவை சரிபார்க்கக்கூடிய செய்திகள். கோபம் இருந்தாலும் தேதி மாறாது. மௌனமாக விலகிய பெரும்பான்மையிடமும் இதே கேள்விகளைக் கேட்டால்தான் எந்தச் சபையில் விலகுவது எளிது, எங்கே கடினம் என்ற வேறுபாடு தெரியவரும்.

இரண்டாவது மறுப்பு, யாரோடு பழகுவது யாரைத் தள்ளிவைப்பது என்பது சபையின் உரிமை அல்லவா என்பது. ஊரை விட்டு ஒதுக்கிவைத்தல் என்ன செய்யும் என்று நம் கிராமங்கள் அறியும். அன்னந்தண்ணி புழங்கக் கூடாது என்ற ஒரு கட்டளையால் ஒரு குடும்பம் நிலைகுலைந்துவிடும். அதனால்தான் 1949இல் பம்பாய் மாகாணம் சமய விலக்கத்தைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. தாவூதி போரா என்ற முஸ்லிம் பிரிவின் சமயத் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அதை ரத்து செய்தது. தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் மாறுபட்டார். அந்தத் தீர்ப்பு மறுபரிசீலனை வேண்டி 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. ஐரோப்பாவிலும் இதே தத்தளிப்பு. பெல்ஜியத்தின் கெண்ட் நீதிமன்றம் 2021இல் சாட்சிகளின் ஒதுக்கிவைத்தலுக்கு அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த ஆண்டே அது தள்ளுபடியானது. நார்வே 2022இல் சாட்சிகளின் பதிவை நீக்கியது. கீழ் நீதிமன்றம் அரசுக்கும், 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளுக்கும் ஆதரவாகச் சொன்னது. நீதிமன்றங்கள் இப்படி முன்னும் பின்னும் போவதற்குக் காரணம், ஒருவரைப் பேசு என்று கட்டாயப்படுத்த எந்த அரசாலும் முடியாது என்பதுதான். சபையின் கதவைச் சட்டத்தால் உடைக்கப் பார்ப்பதைவிட, வெளியே வருபவருக்குத் தெருவில் இடம் இருக்கச் செய்வது நிச்சயமான வழி. சபைகளே மாறுவதும் உண்டு. நீக்கப்பட்டவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம் என்று 2024 மார்ச்சில் சாட்சிகளின் தலைமை தளர்த்தியது. விசுவாச துரோகி எனக் கருதப்படுவோருக்கு அந்தத் தளர்வு இல்லை. குழந்தைகள் துன்புறுத்தல், சிகிச்சை மறுப்பு, கொலை ஆகியவற்றுக்குத் தனியாகச் சமயச் சட்டம் வேண்டாம். இருக்கும் குற்றவியல் சட்டமே போதும். அதைச் சபைக்கு அஞ்சாமல் நடத்தினால் சரி.

நம்பிக்கையை வெறும் வாடகைக் கணக்காகச் சுருக்கிவிட்டீர்களே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. விலகியவர்களில் பலர் கடவுளை விட்டுவிடுவதில்லை. சிலர் வேறு சபைக்குப் போகிறார்கள், சிலர் வீட்டிலேயே வேதம் வாசிக்கிறார்கள். விலகச் செலவாகும் சபைகளுக்கு நேர் எதிரான ஒன்றும் பலெர்மோவிலேயே இருக்கிறது. 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்ததாக நம்பப்படும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில், 606 மீட்டர் உயரமுள்ள பெல்லெக்ரீனோ மலையில் உள்ளது. கத்தோலிக்கத் தமிழரோடு இந்துத் தமிழரும் அந்த மலையேறி நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். பெயர்ப் பதிவு இல்லை, மூப்பர் இல்லை, போகாவிட்டால் கேட்பாரில்லை. நுழையவும் செலவில்லை, விலகவும் செலவில்லை. இதைப் புகழ்வது எளிது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுவருவதும், வேலை போனவருக்கு வேறு வீடு பார்த்துத் தருவதும், ஊரில் தாய் இறந்த செய்தி வந்த இரவில் கூட உட்காருவதும் அந்த மலை செய்யாது. அதைச் செய்வது நெருக்கமான சபைதான். கெடுபிடியான குழுக்களில் மக்கள் ஏன் சேர்கிறார்கள் என்பதற்கு மூளைச்சலவையைவிட இந்த விளக்கம் எனக்கு நேர்மையாகப் படுகிறது. உதவியும் பிடியும் ஒரே கையில் இருக்கின்றன; உதவி வேறு கையிலும் கிடைத்தால் பிடி தானாகத் தளரும்.

ஆகவே பலெர்மோவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும், கோயில்களுக்கும், பங்குகளுக்கும், இங்கே நம் ஊரிலுள்ள அமைப்புகளுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சபையை விட்டு வந்த ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் அவருடைய கோட்பாட்டை விசாரிக்காதீர்கள். எங்கள் பக்கம் வந்துவிடுகிறாயா என்றும் கேட்காதீர்கள். மூன்று மாதம் தங்க ஓர் அறை, வேலைக்கு ஒரு பரிந்துரை, அனுமதிச்சீட்டு வேலைக்கு இத்தாலியம் தெரிந்த ஒருவர் துணை, இவற்றை உறுப்பினர் அட்டை கேட்காமல் கொடுங்கள். பிறகு அவர் பழைய சபைக்கே திரும்பிப் போனாலும் கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதீர்கள்.