முதியோர் இல்லத்தில் நான் பார்த்தது

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். மேடையில பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

என் பெரியம்மாவுக்குப் பிள்ளைங்க கிடையாது. பெரியப்பா பென்ஷன் வருதுன்னு, சென்னை வேளச்சேரியில ஒரு முதியோர் இல்லத்துல சேர்த்தோம். பேர் வேண்டாம். சேர்க்கும்போது நானும் போயிருந்தேன். வாசல்ல கால் வச்சதுமே பினாயில் வாசனை, தரையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு. நல்ல சுத்தம்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். பாத்ரூமை எட்டிக்கூடப் பார்க்கலை. அதுதான் நான் செஞ்ச தப்பு.

அந்த பாத்ரூம் குழாய் மூடினாலும் சொட்டிக்கிட்டே இருக்கும். தரையில எப்பவும் ஈரம். பிடிச்சுக்கக் கம்பி கிடையாது. ஆயா ரெண்டு தடவை சொல்லியும் "பிளம்பர் வருவார்"னுதான் பதில். ஒரு நாள் ராத்திரி பெரியம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சு. குழாய்க்கு ஒரு வாஷர் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் இருபது நாள் நான் அங்கேயே கூடத் தங்கினேன். படுத்த படுக்கையா இருக்கிறவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா முதுகுல புண் வந்துடும்னு நர்ஸ் சொன்னாங்க. ராத்திரியில பதினாலு பேருக்கு ஒரே ஆயா. எத்தனை பேரைத் திருப்புவாங்க? விழுப்புரம் பக்கம் அவங்க ஊரு, நம்மளை மாதிரி குழுவுல இருக்கிறவங்கதான். அவங்க மேல எனக்குக் கோபம் வரலை.

ராத்திரி ஒன்பது மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிட்டு, சாவியை மேனேஜர் எடுத்துக்கிட்டுப் போயிடுவார். வயசானவங்க தெருவுக்குப் போயிடுவாங்களாம். எனக்கு ஏர்வாடி ஞாபகம் வந்து தூக்கமே வரலை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில, அங்கே ஒரு மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் இறந்தாங்க. ஓலைக் கொட்டகை. சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியலை. நான் அப்போ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மறுநாளே மேனேஜர்கிட்டே சண்டை போட்டு இன்னொரு சாவியை ஆயா கையில வாங்கிக் கொடுத்தேன்.

வேளச்சேரியில தண்ணி பயமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அந்தப் பக்கம் வீடுகளுக்குள்ள தண்ணி புகுந்துச்சு. இருந்தும் நடக்க முடியாதவங்க எல்லாம் கீழ்த்தளத்துல. மாடிக்கு லிஃப்ட் கிடையாது.

நம்ம குழுக்கள்ல இருந்து ஆயா வேலைக்குப் போறவங்க இருக்கீங்க, பெத்தவங்களைச் சேர்க்கலாமான்னு யோசிக்கிறவங்களும் இருக்கீங்க. போனா ஹால்ல உட்கார வச்சுக் காபி கொடுப்பாங்க. குடிங்க. குடிச்சிட்டு நேரா பாத்ரூமுக்குப் போங்க. ராத்திரி எத்தனை பேர் வேலையில, சாவி யார்கிட்ட, தீயணைக்கிற சிலிண்டர் எங்கேன்னு கேளுங்க. பதிவு பண்ணியிருக்காங்களான்னு மாவட்ட சமூக நல அலுவலகத்துல விசாரிக்கலாம். முதியோருக்குன்னு 14567-னு ஒரு இலவச உதவி எண்ணும் இருக்கு.

பெரியம்மா இப்போ எங்க வீட்டுலதான் இருக்காங்க, வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க. ஊரை இவ்வளவு பேசுறேனே, எங்க வீட்டு பாத்ரூம்லயும் கம்பி இல்லாமத்தான் இருந்துச்சு. போன வாரம்தான் வீட்டுக்காரர் அடிச்சுக் கொடுத்தார்.