அறிவுரைக்கு முன் செவி கொடுப்போம்

(திருவிழாவை ஒட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நம் சமுதாயத்தில் அறிவுரைக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. தேர்வில் தவறிய பிள்ளைக்கும், வேலை இழந்த இளைஞனுக்கும், கணவனைப் பிரிந்த பெண்ணுக்கும் புத்தி சொல்ல வீடுதோறும் ஆள் உண்டு. ஆனால், அவர்கள் சொல்வதை இறுதிவரை கேட்க ஒருவரேனும் உண்டா? இவ்வினாவே இன்றைய உரையின் கரு.

‘லைஃப் கோச்’ எனப்படும் வாழ்க்கைப் பயிற்றுநர் கல்வியை, வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இணையவழியே பயில்வோரை இன்று காண முடிகிறது. இது விளையாட்டுத் திடலில் முளைத்த கலையாகும். அமெரிக்க டென்னிஸ் ஆசிரியரான திமோத்தி கால்வே 1974இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரனின் பெரிய எதிரி வலைக்கு அப்பால் நிற்பவன் அல்லன். அவனுடைய உள்ளத்தில் எழும் ஐயமும் அச்சமுமே என்று விளக்கினார். முன்னாள் கார்ப் பந்தய வீரரான இங்கிலாந்தின் ஜான் விட்மோர், 1992இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இக்கலையை அலுவலகங்களிடையே பரப்பினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் தாமஸ் லியோனார்ட் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, தொலைபேசி வழியாகவே வகுப்புகளை நடத்தியது. இன்றைய இணைய வகுப்புகளுக்கு அதனை முன்னோடி எனலாம். 1995இல் அவர் நிறுவிய சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பு இன்றும் இத்துறையினருக்குத் தகுதிச் சான்று வழங்கி வருகிறது.

இப்பயிற்சியில் மாணவர்கள் பெரும்பாலும் மூவர் மூவராகப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவர் தம் சிக்கலைக் கூறுவார், மற்றொருவர் வினவுவார், மூன்றாமவர் உற்று நோக்குவார். வினவுபவர் தீர்வு சொல்லுதல் ஆகாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதி, செய்து பார்க்கும்போதுதான் எத்துணை கடினம் என்பது புலப்படும். பேசுபவர் மூச்சு வாங்குவதற்குள் ‘இப்படிச் செய்யலாமே’ என்று நா துடிக்கும். பிறரை மாற்றப் புறப்பட்டவர், முதலில் தம்மையே மாற்றிக்கொள்ள வேண்டியவராகிறார். இதுவே இக்கல்வியின் முதற் பயன்.

எஸ்.பி.எம். தேர்வை எதிர்நோக்கும் மகனுடைய தந்தை ஒருவரை எண்ணிப் பாருங்கள். ‘ஏன் படிக்கவில்லை?’ என்பது அவர் நாள்தோறும் கேட்டுவந்த கேள்வி. அது கேள்வியன்று, குற்றச்சாட்டு. மகன் தலை கவிழ்வான், கதவு சாத்தப்படும். பயிற்சி பெற்ற பின்னர் அத்தந்தை, ‘தம்பி, உனக்கு எந்த இடத்தில் சிரமமாக இருக்கிறது?’ என்று வினவி, பின் வாய் திறவாது அமர்ந்திருக்கிறார். நீண்ட மௌனத்திற்குப் பிறகு, ‘கணக்குப் பாடம் மூன்றாம் படிவத்திலிருந்தே புரியவில்லை அப்பா, சொன்னால் திட்டுவீர்கள் என்று பயந்தேன்’ என்கிறான் மகன். ஈராண்டுகளாகப் பூட்டிக் கிடந்த செய்தி ஒரு வினாவில் வெளிப்படுகிறது. இலக்கு யாது, இன்றைய நிலை யாது, இருக்கும் வழிகள் யாவை, எதனைச் செய்ய உறுதி பூணுகிறாய் என்னும் நான்கு படிகளை விட்மோரின் நூல் பரப்பியது. அவற்றின் வழியே தந்தையும் மகனும் இனிச் சேர்ந்து நடக்கலாம்.

எனினும், மினுக்குவன எல்லாம் பொன்னல்ல. நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் புரிவோர் முறையாகப் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். வாழ்க்கைப் பயிற்றுநர் என்னும் பெயருக்கோ, உலகின் பெரும்பாலான நாடுகளில் அத்தகைய சட்டக் காப்பு இல்லை. வார இறுதி வகுப்பொன்றை முடித்தவரும் அப்பெயரைச் சூடிக்கொள்ள இயலும். சர்வதேசக் கூட்டமைப்பின் தொடக்க நிலைச் சான்றுக்கே 60 மணி நேரக் கல்வியும், 100 மணி நேரச் செயல் அனுபவமும், மூத்த பயிற்றுநரிடம் 10 மணி நேர வழிகாட்டலும் வேண்டப்படுகின்றன என்பதை அறிந்தால், பணம் கட்டுமுன் எதனை விசாரிக்க வேண்டும் என்பது விளங்கும். ‘சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டுப் பெரும்பொருள் ஈட்டலாம்’ என்று ஆசை காட்டுவோரிடம் விழிப்பாயிருத்தல் நன்று.

மற்றொன்றும் உண்டு. உறக்கமின்றி வாடுபவரையும், உயிர் வாழவே விருப்பமில்லை என்பவரையும் வினாக்களால் தேற்றிவிடலாம் என எண்ணுவது பெருந்தவறு. அவர்களை மருத்துவரிடமோ பதிவு பெற்ற ஆலோசகரிடமோ தாமதமின்றி அழைத்துச் செல்வதே கடமை. தம் கலையின் எல்லையை உணர்ந்தவரே நல்ல பயிற்றுநர்.

அன்பர்களே! எல்லாரும் இணையத்தில் சேர்ந்து சான்றிதழ் பெற வேண்டும் என்பதில்லை. இத்திருவிழாவில் அன்னதானப் பந்தியில் பரிமாறும் இளைஞர்களும், காவடிக்குத் துணை நிற்கும் பிள்ளைகளும் நம்மோடு இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரிடமேனும், ‘எப்படி இருக்கிறாய்?’ என்று வினவி, விடை முடியும்வரை குறுக்கிடாது கேட்போமாக. செவி கொடுப்பதும் ஒரு தானமே. அதற்குச் செல்வம் வேண்டா. பொறுமை ஒன்றே போதும்.