மசாலா சிப்ஸ்: எண்ணெயையும் உழைப்பையும் கணக்கில் எழுதுவோம்

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



"மசாலா சிப்ஸ் எப்படிப் போடுறதுன்னு வந்து சொல்லுங்க" என்று எங்களைக் கூப்பிட்டார்கள். சொல்லத்தான் வந்திருக்கிறோம். ஆனால் முதலில் நாங்கள் நஷ்டப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டால்தான் செய்முறை ஏன் இப்படி என்று புரியும்.

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேருக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் சிப்ஸ் போட்டால் நன்றாகப் போகும் என்று நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் எடுத்தோம். விலை மலிவாகக் கிடைத்த கிழங்கை மூட்டையாக வாங்கினோம். ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பொரித்தோம். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சூடு ஆறுவதற்குள் பாக்கெட்டில் போட்டு ஒட்டிவிட்டோம். தேர் வீதியில் இரண்டு கடையில் 200 பாக்கெட் கொடுத்தோம். மூன்றாம் நாள் போனால் 140 பாக்கெட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். பாதி கருப்பாக இருந்தது, மீதி நமத்துப் போய் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசினோம். எங்களில் ஒருத்தி, "மறுபடி சூடான எண்ணெயில போட்டு எடுத்தா மொறுமொறுன்னு ஆயிடும், புது கவர்ல போட்டு வேற ஊர் கடைக்குக் கொடுத்துடலாம்" என்று சொன்னாள். கடன் தவணை கண்முன்னால் நிற்கிறது. எங்களுக்கும் சரி என்றுதான் பட்டது. எங்கள் குழுவில் மூத்தவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்மா, இதை உன் பேரப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பியா?" யாரும் பேசவில்லை. அத்தனையையும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். நஷ்டத்தைத் தீர்மான நோட்டில் எழுதி, ஆறு மாதத்தில் ஐந்து பேரும் கட்டி முடித்தோம்.

அதற்குப் பிறகு தப்பு எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம்.

முதலில் கிழங்கு. நம்ம பக்கம் உருளைக்கிழங்குப் பயிர் கிடையாது. நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக வருகிறது. வடக்கே ஆக்ரா பக்கத்துக் கிழங்கு குளிர்பதனக் கிடங்கில் இருந்துவிட்டு லாரியில் வருகிறது. அதிகக் குளிரில் கிடக்கும் கிழங்கில் மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் பட்டதும் கருக்கிறது. சிப்ஸ் போடுகிறதற்கென்றே சர்க்கரை குறைந்த 'குஃப்ரி சிப்சோனா' ரகங்களைச் சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1998இல் வெளியிட்டது. கடையில் நாம் கேட்டு வாங்குகிற மாதிரி அது கிடைப்பதில்லை. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். மூட்டை வாங்குவதற்கு முன் ஒரு கிலோ வாங்கி, பத்து வில்லை பொரித்துப் பார்ப்போம். பொன்னிறமாக வந்தால் மூட்டை வாங்குவோம், கருத்தால் விட்டுவிடுவோம். வாங்கிய கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், காற்றோட்டமான நிழலில் போடுங்கள். பச்சை நிறம் ஏறியதையும் முளைவிட்டதையும் சேர்க்காதீர்கள்.

அடுத்து செய்முறை. தோல் சீவி, சிப்ஸ் கட்டையில் எல்லா வில்லையும் ஒரே கனமாக வருகிற மாதிரி சீவ வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும், இன்னொன்று வேகாது. சீவச் சீவத் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அது கிழங்கு மாவு. தெளிவாக வரும்வரை மூன்று நாலு தடவை மாற்றுங்கள். பிறகு வடித்து, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பொங்கும், சீக்கிரம் கெடும்.

எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு வில்லை போடுங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் சரி. புகை வந்தால் சூடு அதிகம். ஒரு தடவைக்கு இரண்டு கை அளவுக்கு மேல் போடாதீர்கள். நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, சிப்ஸ் எண்ணெயைக் குடிக்கும். சலசலப்பு அடங்கியதும் ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடுங்கள். பொன்னிறம் தாண்ட விடக்கூடாது. மாவுப் பண்டத்தை அதிகச் சூட்டில் பொரிக்கும்போது அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் உண்டாகிறது என்று 2002இல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். கருகக் கருக அது கூடும்.

மிளகாய்த்தூள், தூள் உப்பு, பெருங்காயத்தூள், கொஞ்சம் மிளகுத்தூள், புளிப்புக்கு மாங்காய்த்தூள். இவ்வளவுதான் எங்கள் மசாலா. மிளகாயை நன்றாகக் காயவைத்து நைசாக அரைத்துச் சலித்து, சிப்ஸ் சூடாக இருக்கும்போதே தூவிக் குலுக்க வேண்டும். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது. பச்சைப் பூண்டு அரைத்துப் போட்டால் ருசிதான், ஆனால் ஈரத்தில் நமத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வாணலியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கேஸை அணைத்துவிட்டுத் தட்டுப் போட்டு மூடுங்கள். பொரிக்கிற இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள்.

பொரித்ததை முழுக்க ஆறவைத்துத்தான் பாக்கெட் போட வேண்டும். நம்ம ஊர் கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே நமத்துவிடும். ஆறியதும் மூடியுள்ள எவர்சில்வர் டிரம்மில் போட்டு, கனமான கவரில் அடைத்து சீலிங் மிஷினில் ஒட்டுகிறோம். எத்தனை நாள் தாங்கும் என்று தெரிய, ஒவ்வொரு ஈட்டிலும் ஐந்து பாக்கெட்டைத் தனியாக வைத்து, ஐந்து நாளுக்கு ஒன்று பிரித்துத் தின்று பார்த்து நோட்டில் எழுதினோம். அதை வைத்துத்தான் கவரில் 20 நாள் என்று போடுகிறோம்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம், கணக்கு. நாலு கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ சிப்ஸ்தான் தேறும். அந்த ஒரு கிலோவிலும் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவி உண்டு. நம்மிடம் கருவி இல்லை, கண்ணும் மூக்கும்தான் இருக்கிறது. நிறம் கருத்தாலோ, நுரை அடங்காவிட்டாலோ, சீக்கிரம் புகைந்தாலோ நாங்கள் கழித்துவிடுவோம். கழிக்க மனசு வராது. அதனால்தான் கழிக்கிற எண்ணெயையும் முன்கூட்டியே செலவில் எழுதிவிடுகிறோம்.

எங்கள் ஒரு நாள் கணக்கு இது. 20 கிலோ கிழங்கு, 5 கிலோ சிப்ஸ், 50 கிராமில் 100 பாக்கெட்.

கிழங்கு - 600 ரூபாய்
எண்ணெய், கழிப்பது உட்பட - 340
மசாலா, உப்பு - 75
கேஸ் - 125
கவர், லேபிள் - 100
பஸ், ஆட்டோ - 60
இரண்டு பேர் கூலி - 600
மொத்தம் - 1,900 ரூபாய்

கிழங்கு விலையும் எண்ணெய் விலையும் ஏறி இறங்கும், நீங்கள் உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்கு அடக்கவிலை 19 ரூபாய். கடைக்கு 22க்குக் கொடுக்கிறோம். கூலி போக 300 ரூபாய் குழுவுக்கு நிற்கிறது. முதல் தடவை நாங்கள் கூலியை எழுதவே இல்லை. அடக்கம் 13 என்று போட்டு 15க்கு விற்றோம், இரண்டு ரூபாய் லாபம் என்று சந்தோஷப்பட்டோம். உண்மையில் பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் நம் உழைப்பிலிருந்து கொடுத்திருக்கிறோம்! "வீட்டு வேலைதானே, இதுக்கு என்ன கூலி" என்று நாமே நினைத்தால் வேறு யார் எழுதுவார்கள்? கையைக் கடிக்கிற விலைக்கு விற்கும்போதுதான் பழைய எண்ணெயை இன்னொரு நாள் ஓட்டலாமா, எடையில் இரண்டு கிராம் குறைக்கலாமா என்று புத்தி போகிறது. சரியான விலை போட்டால் நேர்மையாக இருக்க முடியும்.

கம்பெனி பாக்கெட்டோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. நம் பலம் நேற்றுப் பொரித்தது என்பதுதான். பல்கலைக்கழக விடுதிகள் பக்கம், பிச்சாவரம் படகுத்துறைப் பக்கம், கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் உள்ள சின்னக் கடைகளில் வாரம் இரண்டு தடவை கொஞ்சமாகக் கொடுக்கிறோம், பழசைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். கிழங்கு விலை ஏறினால் மரவள்ளி, பருவத்தில் பண்ருட்டிப் பலாக்காய் என்று மாற்றிக்கொள்ளலாம்.

விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். ஆன்லைனில் செய்யலாம். 14 இலக்கப் பதிவு எண் தருவார்கள். கவரில் அந்த எண், பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, கெடு தேதி, விலை, நம் முகவரி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்க வேண்டும். நம் முகவரி கவரில் ஏறுகிறது என்றால் நம் பெயர் ஏறுகிறது என்று அர்த்தம்.

சகோதரிகளே, கடன் வாங்கி அடுப்பு வைக்கலாம் என்று இருக்கிறவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் வாருங்கள். கூட உட்கார்ந்து ஒரு ஈடு பொரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். நோட்டையும் காட்டுகிறோம், நஷ்டக் கணக்கு உட்பட. எங்கள் பெரியம்மா அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வொரு ஈட்டுக்கும் கேட்கிறார். முதல் சிப்ஸை எடுத்துப் பேரனிடம் கொடுத்துவிட்டுத்தான் பாக்கெட் போட உட்காருகிறார்.