நான்கு பிழைகள்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனநல நிபுணன் அல்ல. படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் நம் வேலூர் காகிதப்பட்டறை அரசினர் பாதுகாப்பு இடத்திலிருந்து 6 சிறார்கள் காவலர்களைத் தாக்கிவிட்டுத் தப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். "இதுங்க திருந்தாதுங்க" என்று அன்று நம் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இத்தகைய பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் கிப்ஸ் நான்கு பிழைகளைச் சொல்கிறார். ஒன்று, எனக்கு வேண்டியதுதான் பெரிது என்பது. இரண்டு, பழியை அடுத்தவர் மேல் போடுவது. மூன்று, செய்ததைச் சிறிதாக்குவது: "திருடல சார், சும்மா எடுத்தேன்." நான்கு, எல்லாரும் நமக்குக் கெடுதல்தான் செய்வார்கள் என்று முடிவு கட்டுவது. அடி வாங்கியே வளர்ந்த பிள்ளைக்கு இந்த நான்காவது சுலபமாக வந்துவிடும். பூட்டும் பிரம்பும் அதை மாற்றாது. கிப்ஸ் குழுவினரின் பயிற்சியில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் பிழையை மற்றவர் எடுத்துச் சொல்கிறார்கள். கோபத்தை அடக்கவும் பழகுகிறார்கள்.

சென்ற வருடம் நம் பிளாக்கில் வயரிங் வேலைக்கு ஒரு பையன் வந்தான். நான்கு நாள் சுத்தமாக வேலை செய்தான். 'ஹோமில்' இருந்தவன் என்று தெரிந்ததும், ஐந்தாம் நாள் வர வேண்டாம் என்றோம். சொல்லி அனுப்பியது நான்தான்.

அன்றிரவு அந்த நான்கையும் எனக்கே பொருத்திப் பார்த்தேன். நம் நிம்மதிதான் பெரிது என்று நினைத்தேன். "குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள் தம்பி" என்று பழியை உங்கள் மேல் போட்டேன். நாலு நாள் கூலி கொடுத்தாயிற்றே என்று சமாதானம் செய்துகொண்டேன். அவன் திருடத்தான் போகிறான் என்று முடிவு கட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பெரியவர்களாகக் கருதி விசாரிக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பழைய வழக்கால் தகுதிக் குறைவு வராது. சிறாரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். நம் குழுவில் இனி யாரும் அப்படிப் பெயரோ படமோ போட வேண்டாம்.

எச்சரிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையன் இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பதாக மேஸ்திரி சொன்னார். அடுத்த மாதம் நம் மோட்டார் ரூம் வயரிங்கை மாற்ற வேண்டும். கமிட்டி சம்மதித்தால் அவனைக் கூப்பிடலாம். வேலை முடியும்வரை நான் கூடவே நிற்கிறேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.